ஜப்பான் பூட்ஸுக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

ஆம்பூர், 14-2-1933

பிரியமுள்ள அக்கா மரியம்மாளுக்குத் தம்பி தானியேல் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அமிர்தமும் சுகம். மாமா, சுகிர்தம், எஸ்றா எல்லாருடைய சுகத்துக்கும் எழுது. சுகிர்தத்துக்கு இருமல் நின்றதா?

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். இங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு மெட்ராஸ்காரன் சாக்கு விரித்து ஜப்பான் ரப்பர் பூட்ஸ் விற்கிறான். மேலே கான்வாஸ் துணி, கீழே ரப்பர். ஜோடி பத்தணா. பத்தணாவுக்கு நான் ஒரு ஜோடிக்கு அடித்தோல்கூட வாங்க முடியாது. ஜப்பான்காரன் அதைச் செய்து, பெட்டியில் போட்டு, கப்பலேற்றி, ரயிலேற்றி, ஆம்பூர் வெயிலில் கொண்டுவந்து வைத்துப் பத்தணாவுக்குத் தருகிறான். இது எப்படி என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. மிஷன் பள்ளி வாத்தியார் பேப்பர் படித்துவிட்டுச் சொன்னார்: "அவங்க சர்க்காரே கம்பெனிக்குக் கை குடுக்குதாம் தானியேலு. நாணயத்தோட மதிப்பையும் எறக்கி வச்சிக்கீறாங்க. நம்ம ஊரு பட்டறையெல்லாம் மூடற வரைக்கும் நஷ்டத்துக்கே விப்பாங்க. அப்பால வெலைய ஏத்துவாங்க."

சந்தையை விடு. பெரியமேட்டில் அப்துல் சமத் சாயபு கடைக்கு நான் மாதம் அறுபது ஜோடி செருப்பு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் மாமா விற்பனைக்கு நிற்பதால்தான் அந்த ஆர்டர் எனக்கு வந்தது, அதை மறக்கவில்லை. ஆனால் நவம்பரிலிருந்து ஒரு ஜோடிகூடக் கேட்கவில்லை. மாமாவும் ஒரு வரி எழுதவில்லை. சாயபுவிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்.

பட்டறையில் என்னோடு கன்னியப்பனும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறோம். ஐந்து சுத்தியல் அடிக்கிற இடத்தில் இப்போது ஒன்று அடிக்கிறது. வருகிற கிறிஸ்துமஸ் வரை பார்ப்பேன். ஆர்டர் வராவிட்டால் பட்டறையை மூடிவிட்டு ஜான் பாஷா பாயின் தோல் பதனிடுகிற தொட்டியில் கூலிக்கு இறங்குவேன். நல்ல மனிதர், இடம் வைத்திருக்கிறேன் என்கிறார். ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு வருஷம் கை வைத்தால் அப்புறம் அந்த விரல் ஊசி பிடிக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி
தானியேல்


மெட்ராஸ், பெரியமேடு, 9-3-1933

அன்புள்ள தம்பி தானியேலுக்கு அக்கா ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகமாயிருக்கிறோம். அமிர்தத்தின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

சுகிர்தத்துக்கு இருமல் நின்றுவிட்டது. எஸ்றா இப்போது நன்றாகப் படிக்கிறான், ஆனால் வாத்தியாரையே திருத்துகிறான், அதற்காக இரண்டு தரம் பெஞ்சு மேல் நின்றான். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வருகிறது, ஆகையால் குழாயடியில் தினமும் ஒரு சண்டை. போன வாரம் வஞ்சிரம் மலிவாக வந்தது. உன் ஞாபகம் வந்தது, உனக்கு வஞ்சிரம் என்றால் உயிராயிற்றே.

சாயபு மேல்விஷாரத்துக்கு, அவர் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார். வந்ததும் மாமா கேட்பார். மாமாவுக்கு வேலை அதிகம், எழுத நேரமில்லை, தப்பாக நினைக்காதே. நீ தொட்டியில் மட்டும் இறங்காதே. என் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

அக்கா
மரியம்மாள்


பெரியமேடு, 12-3-1933

அமிர்தவள்ளிக்கு அண்ணி எழுதுவது. நீ சுகம்தானே? இந்தக் கடிதம் உனக்கு மட்டும். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

தானியேலுக்கு நான் எழுதியதில் வஞ்சிரமும் குழாய்ச் சண்டையும் நிஜம். மற்றது நிஜமில்லை. சாயபு ஊருக்கெல்லாம் போகவில்லை, தினமும் கடையில்தான் இருக்கிறார். கடைதான் மாறிவிட்டது. தீபாவளிக்கு முன்பே தோல் சாமான்களையெல்லாம் மூட்டை கட்டி வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இப்போது தரையிலிருந்து கூரை வரை ஜப்பான் பூட்ஸ்தான். கப்பலிலிருந்து நேராக எடுக்கிறார். என் வீட்டுக்காரர்தான் முன்னால் நின்று விற்கிறார். சந்தையில் சாக்கு விரித்து விற்கிறவர்கள்கூட அவரிடம்தான் மூட்டை எடுக்கிறார்கள். ஆம்பூருக்கு வருகிற அந்த மெட்ராஸ்காரன் யாரிடம் எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

இவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். சாயபு, "ரத்தினசாமி, நீ வாணாம்னா வேற ஆளு வருவான். எனக்கும் ஏழு புள்ளைங்க"ன்னு சொல்லிவிட்டாராம். அவர் கெட்டவரில்லை அமிர்தம். இவரும் கெட்டவரில்லை. சாயங்காலம் வந்து மூலையில் உட்கார்ந்து தானியேலுக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுப்பார், "பிரியமுள்ள" என்று எழுதுவார், மடித்து வைத்துவிடுவார். அப்படி ஏழெட்டுக் காகிதம் இருக்கிறது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. தம்பி பட்டறையை மூடினால் அந்தப் பாவம் எங்கள் சோற்றில்தான் இருக்கும். நீதான் எப்படியாவது அவனைக் கொஞ்ச நாள் தொட்டிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணி


ஆம்பூர், 22-3-1933

அண்ணிக்கு அமிர்தவள்ளி வணக்கம். சுகம். உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி, நீங்கள் வஞ்சிரம் பற்றி எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. வியாபாரம் படுத்து, பணத்துக்குத் தட்டுப்பாடான வீட்டில் யாரும் வஞ்சிரத்தைப் பற்றி எழுத மாட்டார்கள். நான் அவரிடம் சொல்ல மாட்டேன். ஆனால் இது எத்தனை நாளைக்கு? செருப்புக்காரன் கண்ணில் மண்ணைத் தூவுவது சுலபமில்லை.

இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். போன வெள்ளிக்கிழமை உங்கள் தம்பி சந்தைக்குப் போய்த் தானே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்துவிட்டார்! போட்டுக்கொள்ள இல்லை. பட்டறை நடுவில் வைத்து, ஒன்றைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தார். அந்த நேரம் பார்த்து ஜான் பாஷா பாய் தோல் பாக்கி கேட்க வந்தார். "இன்னா தானியேலு, ஆபரேஷனா?" என்றார். இவர் தலையைத் தூக்கவே இல்லை. "தையலே இல்லடா கன்னியப்பா. பசையில ஒட்டிக்கீறான். இன்னாமா ஒட்டிக்கீறான் பாரு!" என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், கடைசியில் அந்த ஜப்பான்காரனைப் புகழ்ந்துவிட்டுத்தான் எழுந்தார். கன்னியப்பன், "பாராட்டுக் கடுதாசி எழுதிப் போடு அண்ணே"ன்னான். அவனுக்கு அன்று டீ கிடையாது.

மிச்சமிருக்கிற ஒற்றைப் பூட்ஸில் நான் பூண்டு போட்டு வைத்திருக்கிறேன். காற்றோட்டமாக இருக்கிறது.

பட்டறையை மூட விடமாட்டேன். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

அமிர்தம்


ஆம்பூர், 2-7-1933

அக்காவுக்குத் தம்பி எழுதுவது. சுகம், சுகமறிய ஆவல்.

ரயில்காரப் பையனிடம் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினேன், வந்ததா? மேலே இருப்பது பழுத்தது, கீழே இருப்பதை வைக்கோலில் வை.

மூன்று பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவன் கோலார் தங்கவயலுக்கு, ஒருவன் பாய் தொட்டிக்கு. இப்போது நானும் கன்னியப்பனும் இன்னொருவனும் செய்கிறதை மூட்டை கட்டி நானே சந்தை சந்தையாகப் போகிறேன். குடியாத்தம் போனேன், நெமிலி வரை போனேன். கணியம்பாடியில் கொஞ்சம் விற்றது. அங்கே வேர்க்கடலைக் கொல்லையில் ரப்பர் போட்டுக்கொண்டு நின்ற ஒரு ஆள் என்னைக் கூப்பிட்டு, "வெயில்ல கால் வேவுதுபா. உன்னுத குடு" என்றார். அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அங்கேயே நான்கு ஜோடி போயிற்று.

நடக்கிறது எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா. நாலு ஊர், நாலு பேர் பேச்சு. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் சந்தையை மட்டும் நம்பிப் பட்டறை நிற்காது. கிறிஸ்துமஸ் என்று நான் சொன்ன கணக்கு அப்படியே இருக்கிறது.

சாயபு இன்னும் மேல்விஷாரத்திலிருந்து வரவில்லையா? நாலு மாதமாயிற்றே. மாமா ஒரு வரி எழுதக் கூடாதா?

தானியேல்


ஆம்பூர், 25-10-1933

அக்காவுக்கு.

உன் கவர் வந்தது. "எல்லாரும் சுகம், அளவு வைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி, உள்ளே நாலு காகிதம். வருஷா வருஷம் அக்டோபரில் நீ காகிதத்தின் மேல் பிள்ளைகளை நிறுத்திப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்புவாய், நான் கிறிஸ்துமஸுக்குச் செருப்பு தைத்து அனுப்புவேன். ஆறு வருஷமாக இது தப்பியதில்லை. ஆறு வருஷக் காகிதமும் பட்டறை ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன்.

உன் பாதமும் மாமாவின் பாதமும் வளராது, ஒப்புக்கொள்கிறேன். சுகிர்தத்துக்கு ஒன்பது வயது, எஸ்றாவுக்கு ஏழு. ஒரு வருஷத்தில் ஒரு நூல்கூட வளரவில்லையா? போன வருஷம் எஸ்றா நடுவில் காலை ஆட்டியதால் குதிகாலில் பென்சில் ஒரு மேடு போட்டது. இந்த வருஷமும் அதே இடத்தில் அதே மேடு. உன் மகன் காலை ஆட்டுவதில்கூட அத்தனை ஒழுங்கா?

போன வருஷத்துக் கோட்டையே நகல் எடுத்து அனுப்பியிருக்கிறாய். யாரிடம் அக்கா? கோயிலில் மணியடிக்கிற கோயில் பிள்ளையிடம் அனுப்பியிருந்தால் தெரிந்திருக்காது. நான் செருப்புத் தைக்கிறவன்.

என் செருப்பு வேண்டாமென்றால் வேண்டாம் என்று எழுது. பிள்ளைகள் காலில் இப்போது என்ன இருக்கிறது? அதை மட்டும் சொல்.

தானியேல்


பெரியமேடு, 4-11-1933

தம்பி தானியேலுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீ கேட்டாய், சொல்கிறேன். பிள்ளைகள் காலில் ஜப்பான் பூட்ஸ்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் போடுகிறார்கள். எஸ்றா அதைப் போட்டுக்கொண்டே தூங்குகிறான்.

போன மாதம் சரியாகத்தான் அளவெடுக்க உட்கார்ந்தேன். காகிதத்தில் நிறுத்திப் பார்த்தால் சுகிர்தத்தின் சுண்டுவிரல் இரண்டும் உள்ளே மடங்கியிருக்கிறது. மூடின பூட்ஸ் போட்ட கால் என்று உனக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து, போன வருஷம் உனக்கு அனுப்புமுன் ஞாபகத்துக்கு எடுத்து வைத்திருந்த பிரதியை ஜன்னல் கண்ணாடியில் வைத்து நகல் எடுத்தேன். பிள்ளைகள் வளருவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை! பெற்றவளுக்கு இவ்வளவுதான் புத்தி.

இதோ, நிஜமான அளவு. மடங்கின விரலோடுதான் வரைந்திருக்கிறேன். கோபித்துக்கொள். ஆனால் எழுது.

அக்கா


ஆம்பூர், 9-1-1934

பிரியமுள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் புதுவருஷ வாழ்த்துதல். எல்லாரும் சுகமா? இங்கே சுகத்துக்கு மேல் சுகம்.

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. கோபத்தில் இருந்தேன். செருப்பை மட்டும் பார்சலில் போட்டேன், கடிதம் வைக்கவில்லை. கோபத்திலும் சுகிர்தத்தின் செருப்பில் சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் இடம் விட்டேன். விரல் நிமிர்ந்ததா என்று எழுது.

கிறிஸ்துமஸ் வரை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? டிசம்பரில் பாயிடம் போய் ஜனவரி முதல் தொட்டிக்கு வருகிறேன் என்று சொல்லியும்விட்டேன். பட்டறைச் சாவியைக் கன்னியப்பனிடம் கொடுத்தேன், அவன் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்போதுதான் வாத்தியார் பேப்பரை ஆட்டிக்கொண்டு தெருவில் ஓடி வந்தார். அறுபது வயசு மனுஷன், ஓடி வந்தார் அக்கா. "தானியேலு! டெல்லில வரி போட்டுட்டாங்க! ரப்பர் பூட்ஸுக்கு வரி!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் உட்கார்ந்து விளக்கினார். இனி வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு ஜோடிக்கும் துறைமுகத்தில் கட்டாய வரி, எத்தனை மலிவாகக் கொண்டுவந்தாலும் தப்ப முடியாது. பத்தணாவுக்கு இனி கிடைக்காது. அந்த வாரமே சந்தையில் மெட்ராஸ்காரன் வரவில்லை. மறு வாரம் வேலூரில் செருப்புக் கடை வைத்திருக்கிற கெங்கம்மாள் ஆளனுப்பி எண்பது ஜோடி கேட்டாள். பாயிடம் போய், தொட்டிக்கு வரவில்லை, தோல்தான் வேண்டும் என்றேன். "அல்லா காப்பாத்துனான்! நீ தொட்டில எறங்கினா என் தோல யாருய்யா வாங்குவான்?" என்றார்.

போன ஞாயிறு கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். காரணம் எழுதித் தர வேண்டுமே, எழுதித் தந்தேன். போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தார்: "ஜப்பான் ரப்பர் பூட்ஸுக்கு வரி விதிக்கப்பட்டதற்காகத் தானியேல் குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை." சபை முழுக்கச் சிரித்தது. கன்னியப்பன் வேறு மதம், என்னோடு வந்து வாசலில் நின்றவன், அங்கிருந்தே "ஆமென்" என்று கத்தினான்.

இனி சாயபுவும் தோல் செருப்பு கேட்பார், பார். மாமாவுக்குச் சொல்.

உன் சந்தோஷமான தம்பி
தானியேல்


[தபால் கார்டு]

பெரியமேடு, 20-1-1934

அன்புள்ள தம்பிக்கு. உன் கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். நீ தொட்டியில் இறங்காமல் கர்த்தர் காத்தார். சுகிர்தத்தின் விரல் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. மாமாவிடம் சொன்னேன், அவருக்கும் சந்தோஷம். எங்களுக்காகவும் ஜெபம் பண்ணு. அக்கா.


பெரியமேடு, 20-1-1934

அமிர்தத்துக்கு.

கார்டில் எல்லாரும் படிப்பார்கள், ஆகையால் இது தனியாக. என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது.

வரி வந்த மறுநாளே சாயபு கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். வருகிற கப்பலில் அவருடைய சரக்கு இருக்கிறது, பழைய விலைக்கு விற்பதாக ஊரெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டார். போன வாரம், "போதும்பா இந்தப் பேஜாரு. ஊருக்குப் போயி அண்ணனோட தோல் வியாபாரத்தப் பாக்கறேன்" என்று சொல்லி மாதக் கடைசியில் கடையை மூடுகிறார். மூன்று பேருக்கு வேலை போயிற்று, அதில் இவர் ஒருவர். வயது நாற்பத்தாறு. பெரியமேட்டில் இப்போது யார் ஆள் எடுக்கிறார்கள்?

தானியேலின் கடிதம் அன்றைக்குத்தான் வந்தது. காணிக்கை வாசித்த இடத்தை நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன், இவர் பின்னால் நின்றது தெரியவில்லை. திரும்பினேன். "படி, நிறுத்தாதே. கன்னியப்பன் ஆமென் சொன்ன இடம் நல்லா இருக்கு" என்றார். நிஜமாகவே சிரித்தார் அமிர்தம். பிறகு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

தம்பியிடம் சொல்லாதே. ஒரு வருஷமாகப் பட்ட பாட்டுக்கு ஒரு மாதமாவது அவன் சந்தோஷமாக இருக்கட்டும். எனக்கும் அதில் சந்தோஷம்தான், பொய்யில்லை.

அண்ணி


ஆம்பூர், 31-1-1934

மரியாதைக்குரிய மாமாவுக்குத் தானியேல் ஸ்தோத்திரம்.

அமிர்தம் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் கையில் கரண்டி இருந்தது. "நீங்க போட்டீங்களே காணிக்கை, அது யாரு வயித்துல வுழுந்துது தெரியுமா?" என்று கேட்டாள். பிறகு அரிசிப் பானைக்குள்ளிருந்து அக்காவின் இரண்டு கடிதங்களையும் எடுத்துப் போட்டாள். எரிக்கச் சொன்னதை எரிக்காமல் வைத்திருந்தாள், அதற்காக அவளை நான் திட்டவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது, மாமா. மறைக்க மாட்டேன். சந்தை வாசலில் நான் எவனைத் திட்டினேனோ, அவனுக்கு மூட்டை கட்டிக் கொடுத்தது நீங்களாகவும் இருக்கலாம் என்று படித்தபோது காகிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் அந்த ஏழெட்டுக் காகிதத்தைப் பற்றி அக்கா எழுதியதை இன்னொரு தரம் படித்தேன். "பிரியமுள்ள" என்று மட்டும் எழுதி மடித்து வைத்த காகிதங்கள். அதற்குப் பிறகு கோபம் வரவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் கோயிலில், அந்தச் சரக்குக் கப்பல் மெட்ராஸ் வந்து சேரக்கூடாது என்று ஜெபம் பண்ணினேன். முழுக வேண்டும் என்று கேட்கவில்லை, அதில் ஆள் இருக்கிறார்களே. வழி தப்பி வேறெங்காவது போனால் போதும் என்றுதான் கேட்டேன். அதே ஞாயிறு நீங்கள் பெரியமேட்டில், கப்பல் பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று கேட்டிருப்பீர்கள். ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு மனு. கர்த்தர் நம்மை வைத்துக்கொண்டு என்ன பாடு பட்டாரோ!

காணிக்கையைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் அது உங்களுக்கு எதிராகப் போட்டதில்லை என்று நீங்கள் நம்ப வேண்டும்.

இதோடு ரயில் பார்சலில் இருபது ஜோடி அனுப்புகிறேன். நீங்கள்தான் விற்றுத் தர வேண்டும். விற்காவிட்டால் ஆம்பூருக்கு எல்லாரும் வந்துவிடுங்கள், எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்தத் தரமாவது "பிரியமுள்ள" என்பதற்கு அடுத்த வார்த்தையையும் எழுதுங்கள்.

உங்கள் மைத்துனன்
தானியேல்


பெரியமேடு, 18-3-1934

பிரியமுள்ள தானியேல்,

எல்லாரும் சுகம். உன் சுகத்தையும் அமிர்தத்தின் சுகத்தையும் தினமும் நினைக்கிறோம். பார்சல் வந்து ஒன்றரை மாதமாயிற்று. விற்ற பிறகு எழுதலாம் என்று இருந்தேன், அதனால் தாமதம்.

சாயபு போகும்போது வாடகைக் காலம் முடியும் வரை கடையின் முன்பக்கத்தை எனக்கு விட்டுவிட்டுப் போனார். ஒரு பெஞ்சு, ஒரு கண்ணாடி, உன் இருபது ஜோடி. முதல் பத்து நாள் யாரும் வரவில்லை. வந்தவர்கள் பூட்ஸ் எங்கே என்று கேட்டார்கள். நான் ஒன்றரை வருஷம் ரப்பர் விற்றவன், அவர்கள் எதைக் கேட்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ரப்பர் வேண்டும் என்று யாரும் வரவில்லை தானியேல். கனம் கூடாது, நடந்தால் சத்தம் கூடாது, இந்த இரண்டுக்குத்தான் வந்தார்கள். உன் செருப்பில் அடித்தோல் மூன்று தட்டு இருக்கிறது. பட்டணத்துக்கு இரண்டு போதும். ஆணியைக் குறைத்துத் தையலாகப் போடு. இதை நான் அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கலாம்.

பதினோராம் நாள் ஒரு தபால்காரர் வந்தார். என்னிடமே ஒரு வருஷத்தில் மூன்று ஜோடி ரப்பர் வாங்கினவர். வேறு வழியில்லாமல் உன் செருப்பைக் கையில் எடுத்து, "இது கடிக்குமா சார்?" என்று கேட்டார்.

இனி எழுதுவதை நீ படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒன்றரை வருஷமாக அந்தக் கேள்விக்கு நான் ஒரே பதில்தான் சொன்னேன். "தோலு கடிக்கும் சார், ரப்பர எடுத்துக்குங்க." கடையில் தோல் சாமான் தீரும் வரை, உன் செருப்பையே கையில் பிடித்துக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். உன் அக்காவுக்குக்கூட இது தெரியாது. இப்போது தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுத எழுதப் படிக்கிறாள்.

தபால்காரரிடம், "கடிக்கும். நாலு நாளு வெளக்கெண்ண தடவிப் போடுங்க, அப்பால கடிக்காது" என்றேன். அவர் போட்டுப் பார்த்தார், கண்ணாடி முன்னால் நடந்தார், தையலைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கே. யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"என் மச்சான்" என்றேன்.

ஆறு வருஷம் உன் செருப்பை விற்றேன். ஒருநாளும் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பதினேழு ஜோடி போய்விட்டது. இரண்டு தட்டில், ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் அதிகமாகச் சேர்த்து, உடனே நாற்பது ஜோடி அனுப்பு.

மாமா
ரத்தினசாமி